தே. வீரராகவன்

தே. வீரராகவன் (இறப்பு: 2009) தமிழ்நாட்டைச் சேர்ந்த வரலாற்றாய்வாளர் ஆவார். இருபதாம் நூற்றாண்டுச் சென்னையின் தொழிலாளர் இயக்கம், அதனுடன் பிணைந்த அரசியல், சாதிச் சிக்கல்கள் ஆகியவை இவரது ஆய்வுக் களங்கள். நண்பர்களும் மாணவர்களும் இவரைத் திலீப் என்று அழைத்தனர்.

வாழ்க்கை

இளமையிலேயே பார்வையை இழந்தவர். ஆவணங்களையும் பழைய நாளிதழ்களையும் பிறர் வாசிக்கக் கேட்டே ஆய்வு செய்தார். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே வரலாறு கற்பித்தார். பொறியியல் பயில வந்தவர்களுக்கு வரலாற்றில் ஆர்வமூட்டுவது எளிதன்று. இவரோ மாணவர்களின் அன்பைப் பெற்ற ஆசிரியராக விளங்கினார்.

ஆய்வு

முனைவர் பட்ட ஆய்வுக்கு 1918 முதல் 1939 வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டார். பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது 1918 ஏப்ரல் 27 அன்று. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாக இது கருதப்படுகின்றது. செல்வபதி செட்டியார், இராமானுசலு நாயுடு ஆகிய உள்ளூர்க்காரர்கள் முன்முயற்சி எடுக்க, பி. பி. வாடியா தலைவரானார். பின்னர் பின்னி நிறுவனம் வாடியா முதலானோருக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. சங்கம் வைத்தவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாத நிலையை இவ்வழக்கு வெளிப்படுத்தியது. 1926 ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இக்கால வரலாற்றில் மிகவும் கசப்பான பகுதி 1921 ஆம் ஆண்டு வேலைநிறுத்தமாகும். ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. நீதிக்கட்சிக்குள்ளும் பிளவு தோன்றி, எம். சி. இராசா 1923 இல் அக்கட்சியை விட்டு விலகினார். வர்க்கம் ஒன்றாக இருந்தும் சாதி பிரித்த இந்நிகழ்வை விளக்காமல் சென்னைத் தொழிலாளர் வரலாற்றை எழுத இயலாது.

பெரம்பூர் ஆலைகளோடு இவ்வரலாறு நின்றுவிடுவதில்லை. தொடர்வண்டிப் பணிமனை, டிராம், வடசென்னை எண்ணெய்க் கிடங்குகள் ஆகியவற்றின் தொழிலாளரும் இக்காலத்தில் அணிதிரண்டனர். தண்டையார்பேட்டை, டோல்கேட், திருவொற்றியூர் எனக் கடலோரமாக நீளும் இன்றைய தொழிற்பகுதியின் சங்க மரபுக்கு 1927 இல் நடந்த பர்மா எண்ணெய் நிறுவன வேலைநிறுத்தம் ஒரு தொடக்கப்புள்ளி எனலாம். ம. சிங்காரவேலர் அதற்குத் துணைநின்றார்.

நூல்கள்

இவரது ஆய்வு "சென்னைப் பெருநகரத் தொழிற்சங்க வரலாறு" என்ற பெயரில் தமிழில் முன்னரே வெளிவந்தது. ஆங்கில மூலம் இவர் மறைந்த பின்னரே, 2013 இல் லெப்ட்வேர்ட் வெளியீடாக நூலாயிற்று. அதன் தலைப்பு, இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கம் பற்றி ஈ. பி. தாம்சன் 1963 இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலை நினைவூட்டுவது. இராசாசி 1953 இல் கொண்டுவந்த, எதிர்ப்பாளர்களால் குலக்கல்வித் திட்டம் எனப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் பற்றிய இவரது மற்றோர் ஆய்வும் மறைவுக்குப் பின்னர் நூலாக வெளிவந்துள்ளது.