கைகளை நம்பிய வைத்தியர்

தலவாக்கலையைச் சூழ்ந்துள்ள தேயிலை மலைகளில் கொழுந்தெடுக்கும் நம் சகோதரிகளின் உழைப்பைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. ஆயினும், அவ்வுழைப்பைச் சுமக்கும் முதுகைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. தலையில் மாட்டிய கயிற்றில் கூடை தொங்க, சரிவில் ஒரு காலை ஊன்றி மறுகாலை மடக்கி, மணிக்கணக்கில் நின்று செய்யும் வேலை அது. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ வரை கொழுந்து சேர்ந்தால்தான் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். மாலையில் லயத்துக்குத் திரும்பியதும் கழுத்துக்கும் இடுப்புக்கும் தைலம், இரண்டு பெனடோல், அதற்கும் அடங்காவிட்டால் சுளுக்கெடுப்பவரின் கை என்பதே வழிவழியாக வந்த வைத்தியம்.

கையால் நோவைப் போக்கும் கலை நமக்குப் புதியதன்று. முறிவு நெரிவு வைத்தியப் பரம்பரைகள் இந்நாட்டில் இன்றும் வாழ்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஸ்பெயினின் குர்துபா நகரையொட்டி வாழ்ந்த முஸ்லிம் அறிஞர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, எலும்பு முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும் செய்யவேண்டிய சிகிச்சையைத் தமது மருத்துவ நூலில் விரிவாக எழுதிவைத்தார். இத்தகைய கைமுறைச் சிகிச்சையை 19ஆம் நூற்றாண்டில் தனியொரு வைத்திய முறையாக வகுத்து, அதற்கு ஒஸ்டியோபதி என்று பெயரிட்டவர் அமெரிக்கரான அன்ட்ரூ டெய்லர் ஸ்டில். அவரது வாழ்வின் வெற்றியும் தவறும் ஒருசேர நமக்குப் பாடமாகின்றன என்பதாலேயே அவரை ஈண்டு நினைவுகூர விழைகின்றோம்.

ஸ்டில் 1828ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் திகதி வேர்ஜினியா மாநிலத்தில் பிறந்தார். தந்தை மெதடிஸ்த மதபோதகர், வைத்தியமும் பார்த்தவர். சுமார் பத்து வயதில் கடும் தலைவலியால் துன்புற்ற சிறுவன் ஸ்டில், ஊஞ்சல் கயிற்றைத் தரையருகே தாழ்த்திக் கட்டி, அதன்மேல் போர்வையை இட்டுக் கழுத்தைச் சாய்த்துப் படுத்தான். உறங்கி எழுந்தபோது வலி அகன்றிருந்தது. தமது கொள்கையின் முதல் விதை அதுவே எனப் பிற்காலத்தில் அவர் கருதினார்.

வைத்தியக் கல்வியை ஏட்டிலிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்ற அவர், கன்சாஸில் ஷோனி பழங்குடியினரிடையே தந்தைக்குத் துணையாகப் பணியாற்றினார். அடிமை முறையை வன்மையாக எதிர்த்தவர். 1857இல் கன்சாஸ் பிரதேசச் சட்டசபைக்குத் தெரிவானார். உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்கு எதிரான வடபுலப் படையில் சேவையாற்றினார்.

1864ஆம் ஆண்டு அவர் வாழ்வைப் புரட்டிப்போட்டது. மூளைய மென்சவ்வழற்சி நோய் பரவி, அவருடைய பிள்ளைகளில் மூவரைப் பலிகொண்டது. வைத்தியர்கள் வந்தனர், தெரிந்த மருந்துகளையெல்லாம் கொடுத்தனர், பயன் இல்லை. தாமே வைத்தியராக இருந்தும் தம் பிள்ளைகளைக் காக்க இயலாத தந்தையின் துயரம், அக்கால மருந்துகளின் மீதான அவநம்பிக்கையாக வளர்ந்தது. பாதரசக் கலவையைக் கொடுப்பதும், இரத்தம் வடிப்பதும், பேதிக்குக் கொடுத்து நோயாளியை நலிவிப்பதும் வைத்தியமாக விளங்கிய காலம் அது. அந்த அவநம்பிக்கையில் நியாயம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

அதன்பின் எலும்புகளையும் தசைகளையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ஸ்டில், 1874ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் திகதியைத் தமது கொள்கை பிறந்த நாளாகக் குறித்துவைத்தார். உடல் தன்னைத் தானே குணப்படுத்தும் ஆற்றல் உடையது. எலும்பும் மூட்டும் தம் நிலை பிசகினால் இரத்த ஓட்டமும் நரம்பின் இயக்கமும் தடைப்பட்டு நோய் தோன்றும். அத்தடையைக் கைகளால் நீக்குவதே வைத்தியனின் கடமை என்பது அவரது போதனை. பேக்கர் பல்கலைக்கழகம் அமைவதற்குத் துணைநின்ற குடும்பம் அவருடையது. ஆயினும் அங்கேயே தமது கருத்தை விளக்க அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. மிசூரி மாநிலத்தில் ஊர் ஊராகச் சென்று சிகிச்சையளித்தார். 1892இல் கேர்க்ஸ்வில் நகரில் முதலாவது ஒஸ்டியோபதிக் கல்லூரியைத் தொடங்கி, முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டார். 1917ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் திகதி, தமது 89ஆவது வயதில் காலமானார்.

ஒஸ்டியோபதி சிகிச்சையாளர் முதலில் நோயாளி நிற்பதையும் நடப்பதையும் கவனிக்கிறார். பின்னர் மூட்டுகளின் அசைவையும் தசைகளின் இறுக்கத்தையும் கைகளால் தடவி அறிகிறார். தசையை நீவுதல், நீட்டுதல், மூட்டை மெல்ல அசைத்தல், சில வேளைகளில் சடுதியாக ஒரு சிறு உந்துதல் கொடுத்தல் என்பன முறைகள். அப்போது கேட்கும் சொடுக்கொலி, விலகிய எலும்பு தன்னிடத்துக்குத் திரும்பும் ஓசையன்று. மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உருவாவதால் எழுவதே. தசை இறுக்கம் தளர்வதும், வலியை உணர்த்தும் நரம்புகளின் தூண்டல் தணிவதும் நிவாரணத்துக்குக் காரணம் எனக் கருதப்படுகிறது.

பயன் எவ்வளவு? இடுப்பு நோவுற்ற 155 பேரை 12 வாரங்கள் அவதானித்து, 1999இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, ஒஸ்டியோபதியும் வழமையான சிகிச்சையும் ஏறத்தாழ ஒரே பலனையே தந்தன என்று கண்டது. ஆனால் ஒஸ்டியோபதி பெற்றோருக்கு மருந்து குறைவாகவே தேவைப்பட்டது. 400 பேரைக் கொண்டு பிரான்சில் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வோ, போலிச் சிகிச்சையைவிடக் கிடைத்த நன்மை சிறிதே என்றது. பிரித்தானியாவின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டல், கைமுறைச் சிகிச்சையை உடற்பயிற்சியுடன் சேர்த்தே வழங்கவேண்டும் என்கிறது. அதாவது, முதுகு நோவுக்கு இது ஓரளவு துணை, சர்வரோக நிவாரணியன்று.

ஸ்டில் தவறியதும் இங்கேதான். முதுகுக்குப் பொருந்தியதை முழு உடலுக்கும் பொருத்தினார். மருந்துகளை அறவே வெறுத்தார். அவர் பிறந்து சரியாக நூறு ஆண்டுகளின் பின், 1928இல் பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டது. அவரது பிள்ளைகளைக் கொன்ற நோய்க்கு இன்று நுண்ணுயிர்கொல்லி மருந்து உண்டு. அதன் முக்கிய வகைகளைத் தடுக்க ஊசியும் உண்டு. ஹஜ் கடமைக்குப் புறப்படும் நம் ஹாஜிகள் போட்டுக்கொள்ளும் தடுப்பூசிகளுள் அதுவும் ஒன்று. கைகளை மட்டுமே நம்பிய அந்தத் தந்தையின் பிள்ளைகளை இன்று காக்கக்கூடியது, அவர் ஒதுக்கிய மருந்துதான். அவரது வழிவந்தோர் இதனை உணர்ந்தனர். அமெரிக்காவில் அவர்கள் இன்று மருந்தும் சத்திரசிகிச்சையும் கற்றுத்தேர்ந்த முழுமையான வைத்தியர்கள்.

ஆகவே நம் மக்களுக்குக் கூறவேண்டியது இதுவே. கைபார்க்கும் வைத்தியத்தை இகழவும் வேண்டாம். கண்மூடி நம்பவும் வேண்டாம். விழுந்த அடியால் வந்த நோவு, காய்ச்சலுடன் கூடிய முதுகு நோவு, கால் மரத்தல் அல்லது வலுவிழத்தல், சிறுநீர் மலக் கட்டுப்பாடு தளர்தல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியன காணப்பட்டால் சுளுக்கெடுப்பவரிடம் செல்லாது உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். எலும்பு தேய்ந்த முதியோரின் முதுகை அழுத்துவது முறிவில் முடியலாம். கழுத்தைச் சடுதியாகத் திருப்புவது, அரிதாகவேனும், மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயைச் சிதைத்துப் பக்கவாதத்தை உண்டாக்கலாம்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பயிற்சி பெற்ற இயன்மருத்துவரின் கை, நகர வைத்தியசாலையோடு நின்றுவிடாமல் தோட்டத்து மக்களை நாடிச் செல்லவேண்டும். ஒரு நாட் பேரை இழந்து, பஸ் கட்டணமும் கொடுத்து நோவுக்கு வைத்தியம் தேடுவது தொழிலாளிக்கு எளிதன்று. சுமையைக் குறைப்பதும், இடையிடையே ஓய்வு கொடுப்பதும், கூடையின் பாரம் தலையில் மட்டும் தொங்காதவாறு மாற்றி அமைப்பதும் எந்தத் தைலத்தையும்விட நல்ல வைத்தியம். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் கிலோக் கணக்கைப் பற்றிப் பேசும் தொழிற்சங்கங்களும் தோட்ட நிர்வாகங்களும், அந்தக் கிலோக்களைச் சுமக்கும் முதுகைப் பற்றியும் பேசவேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.