முத்துலட்சுமி அம்மையார்

அச்சமும் அடக்கமும் பெண்ணுக்கு அணியென்றும், துணிவும் அறிவாற்றலும் ஆணுக்கே உரியனவென்றும் நம் நாட்டார் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் வேரூன்றியிருந்த 1886ஆம் ஆண்டில் முத்துலட்சுமி புதுக்கோட்டையில் பிறந்தார்.

ஆடவர் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் அவர் சேர விழைந்தபோது எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தார். திரைக்குப் பின்னால் அமர்ந்தே அவர் பாடங்கேட்க நேர்ந்தது. அந்நிலையிலும் தம்மைத் தாழ்வாக எண்ணினாரல்லர். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி புகுந்து, ஆடவர் துறையெனக் கருதப்பட்ட அறுவை மருத்துவத்திலும் சிறந்து, 1912இல் பட்டம் பெற்றார்.

1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். தம்மைச் சமமாக மதித்து நடத்தல் வேண்டும் என்பதை முன்னரே உறுதி செய்துகொண்டு மணத்திற்கு இசைந்தார். அக்காலத்தில் மணமகள் ஒருவர் இவ்வாறு கேட்டது வியப்பன்றோ!

1927இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத்தலைவரானார். பெண்களைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அங்கே வாதாடினார். அவ்வழக்கத்தின் துயரைத் தம் தாய்வழிச் சுற்றத்தாரிடமே கண்டவர் அவர். 1930இல் காந்தியடிகள் சிறைப்பட்டதும் பதவியைத் துறந்தார். பொட்டுக்கட்டை ஒழிக்கும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது.

இத்துணை உறுதி படைத்தவரின் உள்ளம் ஈரமற்றதன்று. அவ்வழக்கத்தினின்று தப்பி வந்த சிறுமியர் சிலர்க்கு விடுதிகள் இடந்தர மறுத்தன. அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கச் செய்தார். அவ்வை இல்லம் அவ்வாறே தோன்றியது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரையும் அவர் மறந்தாரல்லர். பல்லாண்டு முயன்று பொருள் திரட்டினார். அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 1954இல் திறக்கப்பட்டபோது அவர்க்கு வயது 67.