தாயகம் திரும்பிய காந்தியடிகள்

அயல்நாட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்த ஒருவர் சொந்த ஊருக்குத் திரும்புவது எளிய செயலாகத் தோன்றும். ஆனால், அவர் பிரிந்து சென்ற ஊர் அப்படியே இருப்பதில்லை. அவரும் பழையவராக இருப்பதில்லை. இவ்வுண்மையை அண்ணல் காந்தியடிகள் தம் வாழ்வில் நன்கு உணர்ந்தார்.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், இன்றைய குஜராத் மாநிலத்திலுள்ள போர்பந்தரில் பிறந்தார். 1888ஆம் ஆண்டு, சட்டம் பயில இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். கடல் கடந்து செல்வது வழக்கத்துக்கு மாறானது என்று கூறி, அவருடைய சமூகத்தார் அவரைச் சாதியிலிருந்து விலக்கினர். எனினும் அவர் தம் பயணத்தைக் கைவிடவில்லை.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1891இல், பாரிஸ்டர் பட்டத்துடன் பம்பாயில் வந்திறங்கினார். அன்னை புத்லிபாயைக் காணும் ஆவலுடன் வந்தவருக்கு, அன்னை மறைந்துவிட்ட செய்தியே காத்திருந்தது. தொலைவில் தனித்திருக்கும் தம்பி துயருறுவாரே என்று எண்ணி, தமையனார் அச்செய்தியை அதுவரை தெரிவிக்காதிருந்தார். சாதியாரின் சினம் தணியும் பொருட்டு, அவரை நாசிக்குக்கு அழைத்துச் சென்று புனித நீராடச் செய்தார். அதன் பின்னரும் சாதியாருள் ஒரு பிரிவினர் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

இங்கிலாந்தின் பழக்கங்களை இளைஞர் மோகன்தாஸ் வீட்டிற்குள்ளும் புகுத்தினார். மேலைநாட்டு உடை, காலணி, ஓட்ஸ் கஞ்சி, கோகோ ஆகியன வந்து சேர்ந்தன. செலவு பெருகியது, வருவாயோ இல்லை. பம்பாயில் கிடைத்த முதல் வழக்குக்கு ஊதியம் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றபோது தலை சுற்றியது. கேட்பதற்கு ஒரு வினாவும் தோன்றவில்லை. வழக்கை வேறொரு வழக்கறிஞரிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டு, நாணத்துடன் வெளியேறினார். பின்னர், 75 ரூபாய் ஊதியத்தில் ஆங்கில ஆசிரியர் பணி ஒன்றுக்கு விண்ணப்பித்தார். பல்கலைக்கழகப் பட்டதாரி அல்லர் என்பதால் அதுவும் கிட்டவில்லை. ராஜ்கோட்டுக்குச் சென்று, பிறருக்கு மனுக்கள் எழுதிக் கொடுத்துப் பொருளீட்டினார். 1893ஆம் ஆண்டு, வணிக நிறுவனம் ஒன்றின் வழக்குக்காக ஓராண்டுப் பணியேற்றுத் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார்.

அந்த ஓராண்டு, இடையில் தாயகம் வந்து சென்ற காலத்தையும் சேர்த்து, 21 ஆண்டுகளாக நீண்டது. அங்கே கரும்புத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் உழைத்த இந்தியருள் தமிழர் பலர். அவர்களோடு பேசுவதற்காகக் காந்தியடிகள் தமிழ் கற்க முயன்றார். அவர்களுடன் சேர்ந்து அறவழியில் போராடினார். அப்போராட்டத்தில் சிறை சென்ற இளம்பெண் தில்லையாடி வள்ளியம்மை, நோயுற்று 1914இல் உயிர் துறந்தார்.

1915ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள், கஸ்தூரிபாவுடன் காந்தியடிகள் மீண்டும் பம்பாயில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது 45. இம்முறை அவர் அணிந்திருந்தது மேலைநாட்டு உடையன்று. கத்தியவார் சிற்றூர் மக்களின் எளிய உடை. அவர் பெரிதும் மதித்த கோபால கிருஷ்ண கோகலே, ஓராண்டுக் காலம் நாட்டைச் சுற்றிப் பார்க்குமாறும், அதுவரை பொதுச் செய்திகளைப் பற்றிக் கருத்துரைக்காதிருக்குமாறும் அறிவுறுத்தினார். உலகறிந்த தலைவராகத் திரும்பியவர், ஒரு மாணவரைப் போல அதற்கு உடன்பட்டார். இரயிலில் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து, நெரிசலையும் அழுக்கையும் ஏழை மக்களின் துன்பத்தையும் நேரில் கண்டார். அவ்வாண்டிலேயே தமிழகம் வந்து, வள்ளியம்மையின் முன்னோர் ஊரான தில்லையாடிக்கும் சென்றார்.

1915ஆம் ஆண்டு மே மாதம், அகமதாபாத்தை அடுத்த கோச்ரப்பில் ஆசிரமம் தொடங்கினார். அங்கே முதலில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 25 பேர். அவர்களுள் 13 பேர் தமிழர். அனைவரும் ஒரே சமையலறையில் உண்டு, ஒரே குடும்பமாக வாழ முயன்றனர்.

சில மாதங்களில் சோதனை வந்தது. தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த தூதாபாய் என்னும் ஆசிரியர், மனைவி தானிபென்னுடனும் குழந்தை இலட்சுமியுடனும் ஆசிரமத்தில் சேர்ந்தார். கிணற்றில் நீர் இறைத்துவந்தவர் அவர்களை இழிவாகப் பேசினார். கஸ்தூரிபாவும் பிற பெண்களும்கூட முதலில் மனம் ஒப்பவில்லை. பொருளுதவி செய்துவந்தோர் உதவியை நிறுத்தினர். அடுத்த மாதச் செலவுக்குப் பணமில்லை என்னும் நிலை வந்தது. காந்தியடிகள் கலங்கவில்லை, ஒதுக்கப்பட்டோர் வாழும் பகுதிக்கே குடிபெயர்ந்து, உடலுழைப்பால் வாழலாம் என்று முடிவு செய்தார். வசைகளைப் பொறுத்துக்கொண்டு, அதே கிணற்றில் தொடர்ந்து நீர் எடுக்குமாறு ஆசிரமத்தாரிடம் கூறினார். நாளடைவில் வசைபாடியவர் வெட்கி அடங்கினார். ஒருநாள் செல்வர் ஒருவர் மகிழுந்தில் வந்து, 13,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு உள்ளே வராமலேயே சென்றார். ஆசிரமம் நிலைத்தது. சிறுமி இலட்சுமியைக் காந்தியடிகள் பின்னாளில் தம் மகளாகவே ஏற்றுக்கொண்டார்.

1917இல் ஆசிரமம் சபர்மதி ஆற்றங்கரைக்கு மாறியது. அவருடைய பொதுவாழ்வு, 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் அவர் மறையும்வரை நாட்டுக்கே உரியதாயிற்று.

இளமையில் திரும்பியபோது, அவர் தம் வீட்டை வெளிநாட்டைப் போல மாற்ற முயன்றார். நடுவயதில் திரும்பியபோது, முதலில் நாட்டை அறிந்துகொள்ள முயன்றார். அவ்வாறு அறிந்தவற்றுள் நல்லனவற்றை ஏற்றார். தீயதைத் தம் இல்லத்திலேயே எதிர்த்து நின்றார்.

சிந்தித்து எழுதுக

1. காந்தியடிகள் 1891இல் திரும்பியதற்கும் 1915இல் திரும்பியதற்கும் இடையே உள்ள வேறுபாடுகள் யாவை?
2. பணமில்லாத நிலையிலும் தூதாபாய் குடும்பத்தாரைக் காந்தியடிகள் வெளியேற்றாதது ஏன்?
3. விடுமுறையில் உங்கள் சொந்த ஊருக்குச் சென்றபோது புதிதாகக் கற்றுக்கொள்ள நேர்ந்த ஒன்றைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.