யார் இந்த காஸ்பார் மோன்ஜ்? மண் அள்ளும் செலவைக் குறைக்க 200 ஆண்டுகளுக்கு முன்பே கணக்கு போட்டவரின் கதை!

புதிதாக சாலை போடும் இடத்தைக் கடந்து போயிருப்பீர்கள். ஒரு பக்கம் ஜேசிபி மேட்டை வெட்டிக்கொண்டிருக்கும். கொஞ்ச தூரம் தள்ளி பள்ளத்தில் டிப்பர் லாரிகள் மண்ணைக் கொட்டிக்கொண்டிருக்கும். பார்க்க சாதாரண வேலைதான். ஆனால் எந்த மேட்டு மண் எந்தப் பள்ளத்துக்குப் போகணும் என்பதை முதலிலேயே முடிவு செய்யாவிட்டால், டீசலுக்கே பணம் கரைந்துவிடும்.

இந்தக் கேள்வியை முதன்முதலில் முழுமையான கணிதக் கேள்வியாக மாற்றியவர் பிரான்ஸைச் சேர்ந்த காஸ்பார் மோன்ஜ். சிறு வியாபாரியின் மகனாகப் பிறந்து, கடற்படை அமைச்சராகி, நெப்போலியனுக்கு நெருங்கிய நண்பராகி, கடைசியில் எல்லா மரியாதைகளும் பறிக்கப்பட்டு இறந்துபோனவர். யார் இவர்? அப்படி என்ன கணக்கு போட்டார்?

பிறப்பு தடுத்த வேலை

மோன்ஜ் 1746 மே மாதம் பிறந்தார். ஊர், ஒயினுக்குப் பேர்பெற்ற பர்கண்டி பகுதியில் உள்ள போன் என்ற சிறு நகரம். அப்பா பெரிய படிப்பு இல்லாத வியாபாரி. ஆனால் பிள்ளைகளைப் படிக்க வைப்பதில் குறியாக இருந்தார். படிப்பில் கெட்டிக்காரரான மோன்ஜ், 17 வயதை எட்டும்போதே லியோன் நகரக் கல்லூரியில் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார்.

விடுமுறைக்கு ஊர் வந்தபோது, தானே செய்த அளவுக் கருவிகளை வைத்து போன் நகரம் முழுவதையும் அளந்து பெரிய வரைபடம் ஒன்றை வரைந்தார். அதைப் பார்த்து அசந்துபோன ராணுவ அதிகாரி ஒருவர், மெசியேர் நகரில் இருந்த ராணுவப் பொறியியல் பள்ளிக்கு அவரைப் பரிந்துரை செய்தார்.

ஆனால் அங்கே ஒரு சிக்கல். அந்தப் பள்ளியில் அதிகாரி ஆவதற்குப் படிக்க வேண்டுமென்றால் உயர்குடியில் பிறந்திருக்க வேண்டும். மோன்ஜ் அப்படிப்பட்ட குடும்பம் இல்லை. அதனால் வரைபடம் வரைவது, கோட்டைகளின் மாதிரி செய்வது என பக்கத்துப் பிரிவில்தான் அவருக்கு இடம் கிடைத்தது.

ஒரு கோட்டை, ஒரு ரகசியம்

திருப்பம் ஒரு கோட்டை வடிவில் வந்தது. எதிரி எந்த உயரத்தில் நின்று சுட்டாலும் உள்ளே இருப்பவர்கள் மேல் குண்டு படாதபடி கோட்டைச் சுவரை அமைக்க வேண்டும். இதற்கு அன்றைக்கு நீளமான எண் கணக்குகள் போட வேண்டியிருந்தது. மோன்ஜ் அந்தக் கணக்குகளை ஓரமாக வைத்துவிட்டு, வரைபடத்தின் மூலமாகவே சட்டென்று விடையைக் கொண்டு வந்தார். இவ்வளவு சீக்கிரம் முடித்திருக்க முடியாது என்று நினைத்த அதிகாரி முதலில் அதைப் பார்க்கவே மறுத்தார். சரிபார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

முப்பரிமாணப் பொருளை மேலிருந்து ஒரு தோற்றம், முன்னாலிருந்து ஒரு தோற்றம் என இரண்டு படங்களாக ஒரே தாளில் கொண்டு வரும் முறை அது. நம்மூர் இன்ஜினியரிங் மாணவர்கள் முதலாண்டில் டி-ஸ்கொயரும் கையுமாக வரையும் டாப் வியூ, ஃப்ரன்ட் வியூ இருக்கிறதல்லவா? அதை ஒழுங்கான பாடமாக்கியவர் இவர்தான். ஆனால் பல ஆண்டுகள் அதை வெளியே சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. ராணுவ ரகசியம்!

மண்ணில் பிறந்த கேள்வி

கோட்டை கட்டுவது என்றாலே பாதி வேலை மண் வேலைதான். அகழி வெட்டணும், மதில் எழுப்பணும், மேட்டைக் குறைக்கணும், பள்ளத்தை நிரப்பணும். அன்றைக்கு ஜேசிபியும் கிடையாது, டிப்பரும் கிடையாது. மண்வெட்டி, கூடை, தள்ளுவண்டி, ஆள் பலம் அவ்வளவுதான். ஒவ்வொரு நடையும் ஒரு கூலியாளின் முதுகுவலி.

இந்த வேலையைப் பற்றித்தான் பாரிஸ் அறிவியல் கழகத்தின் 1781-ம் ஆண்டுத் தொகுப்பில் மோன்ஜின் கட்டுரை வந்தது. மண்ணை வெட்டும் இடம் தெரியும், கொட்டும் இடம் தெரியும், இரண்டின் அளவும் சமம். ஒரு துகள் மண்ணை எடுத்துச் செல்லும் செலவு, அதன் எடையையும் அது போகும் தூரத்தையும் பெருக்கினால் வருவது. எல்லாத் துகள்களின் செலவையும் கூட்டினால் வரும் தொகை மிகக் குறைவாக இருக்க வேண்டுமென்றால், எந்தத் துகள் எங்கே போக வேண்டும்? இதுதான் அவர் கேட்ட கேள்வி.

அவர் கண்டுபிடித்த முக்கியமான விதி ரொம்ப எளிது. மண் போகும் பாதைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டக் கூடாது.

குறுக்கே போனால் எவ்வளவு நஷ்டம்?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 300 மீட்டர் இடைவெளியில் இரண்டு மேடுகள். ஒவ்வொரு மேட்டுக்கும் நேர் எதிரே, 400 மீட்டர் தூரத்தில் ஒரு பள்ளம். ஒவ்வொரு மேட்டிலும் 1,000 லோடு மண் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் 1,000 லோடு தேவை.

நேர் எதிரே இருக்கும் பள்ளத்துக்கே கொண்டுபோனால் ஒரு நடைக்கு 400 மீட்டர். மொத்தம் 800 கிலோமீட்டர்.

மாற்றி, குறுக்காகக் கொண்டுபோனால் ஒரு நடைக்கு 500 மீட்டர். மொத்தம் 1,000 கிலோமீட்டர்.

அதே மண், அதே பள்ளம். ஆனால் 200 கிலோமீட்டர் தண்டம். காலி வண்டி திரும்பி வருவதையும் சேர்த்தால் 400 கிலோமீட்டர்!

ஏன் இப்படி? குறுக்கே போகும் இரண்டு வண்டிகள் நடுவில் ஓரிடத்தில் சந்திப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே இருவரும் போக வேண்டிய பள்ளத்தை மாற்றிக்கொண்டால் மொத்த தூரம் மாறாது. ஆனால் இப்போது ஒவ்வொருவர் பாதையிலும் ஒரு வளைவு இருக்கும். அந்த வளைவை நேராக்கினால் தூரம் குறைந்துவிடும். அதாவது, பாதைகள் குறுக்கே வெட்டினால் அதைவிட நல்ல வழி ஒன்று எப்போதும் இருக்கிறது.

பக்கத்துப் பள்ளத்துக்கே கொட்டினால் போதாதா?

போதாது. இங்கதான் பலரும் ஏமாந்துபோவார்கள். ஒரு நேர் சாலையில் வரிசையாக முதல் பள்ளம், முதல் மேடு, இரண்டாவது பள்ளம், இரண்டாவது மேடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடைவெளிகள் முறையே 300, 200, 300 மீட்டர்.

முதல் மேட்டுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது 200 மீட்டரில் உள்ள இரண்டாவது பள்ளம். அங்கேயே கொட்டிவிட்டால் என்ன ஆகும்? இரண்டாவது மேட்டு மண்ணை முதல் பள்ளத்துக்கு 800 மீட்டர் இழுத்து வர வேண்டும். ஆக மொத்தம் 1,000 மீட்டர். அதற்குப் பதிலாக முதல் மேட்டு மண்ணை 300 மீட்டரில் உள்ள முதல் பள்ளத்துக்கும், இரண்டாவது மேட்டு மண்ணை 300 மீட்டரில் உள்ள இரண்டாவது பள்ளத்துக்கும் அனுப்பினால் 600 மீட்டரில் வேலை முடிந்துவிடும். ஒரு லாரிக்கு லாபமாகத் தெரிவது, மொத்த வேலைக்கு நஷ்டமாகலாம். அதனால்தான் முழு சாலையையும் ஒரே கணக்காகப் பார்க்க வேண்டும்.

இன்றைக்கு சாலைப் பொறியாளர்கள் செய்வதும் இதைத்தான். சாலை நெடுக வெட்டும் அளவையும் நிரப்பும் அளவையும் கூட்டிக் கழித்து ஒரு வளைகோடு வரைவார்கள். வெட்டும் இடத்தில் கோடு ஏறும், நிரப்பும் இடத்தில் இறங்கும். கோடு எந்த உயரத்தில் தொடங்கியதோ அதே உயரத்துக்குத் திரும்பினால், அந்தப் பகுதியில் வெட்டிய மண்ணும் நிரப்பிய மண்ணும் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் நிஜத்தில் சில சிக்கல்கள் உண்டு. வெட்டியதும் மண் உப்பும், இறுக்கியதும் சுருங்கும். அதனால் 100 லோடு வெட்டினால் 100 லோடு பள்ளம் நிரம்பும் என்று சொல்ல முடியாது. பாறையும் சேறும் ஒன்றல்ல, எல்லா மண்ணும் சாலைக்கு அடியில் போடத் தகுந்ததும் அல்ல. தூரம் ரொம்ப அதிகமானால், மேட்டு மண்ணை அங்கேயே ஓரமாகக் கொட்டிவிட்டு, பள்ளத்துக்குப் பக்கத்தில் வேறு இடத்தில் மண் எடுப்பதே மலிவாக இருக்கும். அந்த எல்லை எது என்று கண்டுபிடிப்பதுதான் திட்டமிடுபவரின் முக்கியமான வேலை.

அமைச்சர், ஆசிரியர், நெப்போலியனின் நண்பர்

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பிறப்பால் தடுக்கப்பட்ட மோன்ஜ் புரட்சியின் பக்கம் நின்றதில் ஆச்சரியம் இல்லை. 1792 ஆகஸ்ட்டில் கடற்படை அமைச்சரானார், 1793 ஏப்ரலில் பதவி விலகினார். பிறகு போருக்கு பீரங்கி, வெடிமருந்து தயாரிக்கும் வேலையில் இறங்கினார். பீரங்கி செய்வது எப்படி என்று தொழிலாளர்களுக்காக ஒரு புத்தகமே எழுதினார்.

1794-ல் தொடங்கப்பட்டு, பின்னர் எகோல் பாலிடெக்னிக் என்று பெயர் மாறிய பொறியியல் கல்லூரியை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் மோன்ஜ். இங்கே சேர உயர்குடிப் பிறப்பு தேவையில்லை. நுழைவுத் தேர்வில் தேறினால் போதும். மெசியேரில் தனக்கு மூடப்பட்ட கதவை அடுத்த தலைமுறைக்குத் திறந்துவிட்டார். ரகசியமாக இருந்த வரைபட முறையையும் 1795-ல் வகுப்பறையில் வெளிப்படையாகக் கற்றுக்கொடுத்தார்.

1798-ல் நெப்போலியனுடன் எகிப்து போனார். அங்கே அமைக்கப்பட்ட அறிவியல் கழகத்துக்கு அவர்தான் தலைவர். பாலைவனத்தில் வீரர்களை ஏமாற்றிய கானல்நீர் எப்படித் தோன்றுகிறது என்று விளக்கியதும் அந்தப் பயணத்தில்தான். திரும்பி வந்ததும் செனட் உறுப்பினர் பதவி, பிறகு பிரபு பட்டம் எல்லாம் தேடி வந்தன.

கசப்பான கடைசி நாட்கள்

1815-ல் நெப்போலியன் வீழ்ந்தார். மன்னராட்சி திரும்பியது. நெப்போலியனுக்கு விசுவாசமாக இருந்த மோன்ஜ், 1816-ல் அறிவியல் கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். 1818 ஜூலை 28-ல் பாரிஸில் உயிரிழந்தார். அவர் உருவாக்கிய கல்லூரியின் மாணவர்கள் இறுதிச்சடங்கில் கலந்துகொள்ளக்கூட அனுமதி கிடைக்கவில்லை. அதன்பிறகு அவர்கள் தாங்களாகவே கல்லறைக்குச் சென்று அஞ்சலி செலுத்தினார்கள்.

நோபல் பரிசு வரை போன மண் கணக்கு

மோன்ஜின் மண் கணக்குக்கு அவர் காலத்தில் முழு விடை கிடைக்கவில்லை. பாதைகள் எப்படி இருக்கும் என்று சொன்னாரே தவிர, எல்லா இடத்துக்கும் பொருந்தும் தீர்வு அவரிடம் இல்லை. 100 ஆண்டுகளுக்குப் பிறகும் கணித மேதைகள் அதோடு மல்லுக்கட்டினார்கள்.

1942-ல் சோவியத் கணித மேதை லியோனிட் கண்டோரோவிச் வேறு கோணத்தில் இதே கேள்விக்கு வந்தார். ஒரு மேட்டு மண் முழுவதும் ஒரே பள்ளத்துக்குத்தான் போகணும் என்று இல்லை, பிரித்தும் அனுப்பலாம் என்று அவர் எடுத்துக்கொண்டதும் கணக்கு வழிக்கு வந்தது. தன் கேள்வியும் மோன்ஜின் கேள்வியும் ஒன்றே என்பதை அவர் பிறகுதான் கவனித்தார். வளங்களைச் சரியாகப் பங்கிடும் கணிதத்துக்காக 1975-ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. 2018-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம் வென்ற அலெசியோ ஃபிகாலியின் ஆய்வுகளும் இந்தத் துறையைச் சேர்ந்தவைதான்.

இன்றைக்கு சரக்குப் போக்குவரத்து, இரண்டு படங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கம்ப்யூட்டர் ஒப்பிடுவது எனப் பல இடங்களில் இந்தக் கணக்கு பயன்படுகிறது. அதில் ஓர் அளவைக்குப் பெயரே மண் அள்ளுபவரின் தூரம் என்பதுதான்!

ஈஃபிள் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 பெயர்களில் மோன்ஜின் பெயரும் ஒன்று. 1989-ல், பிரெஞ்சுப் புரட்சியின் 200-வது ஆண்டில், அவரது உடல் எச்சங்கள் நாட்டின் பெருமைக்குரியவர்கள் துயிலும் பாந்தியோனுக்கு அரசு மரியாதையுடன் மாற்றப்பட்டன. அதற்கு அவர் இறந்து 171 ஆண்டுகள் ஆக வேண்டியிருந்தது.