முன்பாதி முழுசாகத் திறக்கும் கார்: ஜொவான்னி மிகெலோத்தி

நம்ம சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர் சன்னதி முன்னால் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்று பார்த்திருக்கீங்களா? வலப்பாதி சிவன், இடப்பாதி பெருமாள். இரண்டும் ஒரே உடம்பாக நிற்பதற்கு நடுவில் ஓடும் அந்தக் கோடு சரியாக விழ வேண்டும். காரிலும் இதே கதைதான். பானெட், மட்காட், கதவு எல்லாம் தனித்தனித் தகடு. நடுவில் இருக்கிற கேப் மேலிருந்து கீழ் வரை ஒரே அளவாக ஓடினால்தான் அது ஒரே வண்டியாகத் தெரியும். அந்தக் கேப்புக்கு யோசித்துக் கோடு போட்ட ஒரு மனிதரைப் பற்றித் தெரிஞ்சுக்கலாம் வாங்க.

ஜொவான்னி மிகெலோத்தி 1921 அக்டோபர் 6 அன்று இத்தாலியின் துரின் நகரில் பிறந்தார். ஃபியட் கம்பெனி இருக்கிற ஊர். தெருவுக்குத் தெரு கார் பாடி கட்டும் பட்டறைகள். பதின்பருவத்திலேயே ஸ்தபிலிமென்தி ஃபரீனா என்ற பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். 1949-இல் சொந்தமாக ஒரு வரைகூடம் தொடங்கினார். வின்யாலே, கியா, அல்லெமானோ என்று பல பட்டறைகளுக்கும் வரைந்து கொடுத்தார். ஃபெராரிக்கும் பாடி வரைந்தார். ஆனால் வண்டியில் ஒட்டியிருந்தது பட்டறையின் பேர். வரைந்தவர் யார் என்று ரோட்டில் போகிறவருக்குத் தெரியாது.

அந்தப் பட்டறைகளில் தகட்டைக் கையால் அடித்து, அந்தந்த வண்டிக்கே பொருத்துவார்கள். ஒரு வண்டியின் கதவை அடுத்த வண்டியில் மாட்டினால் சரியாக உட்காராது. பத்து வண்டி கட்டும்போது அது பிரச்சினையே இல்லை. லட்சம் வண்டி கட்டணும் என்றால்?

அப்படி ஒரு சிக்கலில்தான் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப் கம்பெனி மாட்டியிருந்தது. அதற்குப் பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953-இல் வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்து தர ஆள் இல்லை. உலகமே சேஸும் பாடியும் ஒன்றான மோனோகாக்குக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. இவர்களோ தனிச் சேஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு ஆலைகளில் செய்து, போல்ட் போட்டு இணைப்பது என்று முடிவெடுத்தார்கள். பொறியியல் தலைவர் ஹாரி வெப்ஸ்டர் அதற்கு உருவம் கொடுக்கும் பொறுப்பை 1957-இல் மிகெலோத்தியிடம் ஒப்படைத்தார். 1959 ஏப்ரலில் டிரையம்ஃப் ஹெரால்ட் வெளிவந்தது.

அதன் முன்பக்கத்தைக் கவனியுங்க. பானெட்டும் இரண்டு மட்காட்டும் சேர்ந்து ஒரே கூடு. பக்கத்துக்கு ஒரு கொக்கியை விடுவித்து முன்னோக்கிச் சாய்த்தால் என்ஜின், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் எல்லாமே வெளியே தெரியும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பானெட்டுக்கும் மட்காட்டுக்கும் நடுவே திறந்து மூடும் கேப் கிடையாது. கண்ணுக்கு முக்கியமாகப் படுவது, கூடு கதவுப் பக்கம் வந்து முடியும் இடம்தான்.

துண்டு துண்டாக வரும் வண்டியை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்ப் பூட்டலாம் இல்லையா? 1961-இல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பேரில் அது சென்னைக்கும் வந்தது. வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் அதைத் தயாரித்தது. நாலு கதவு ஹெரால்டு இங்கேதான் பிறந்தது. இங்கிலாந்தில் அது கிடையாது.

இப்போ பட்டறைக்கு வருவோம். பழைய ஹெரால்டில் பானெட் ஒரு பக்கம் ஏறி நிற்கும், கதவோரம் கேப் ஆப்பு மாதிரி விரியும். பார்த்ததும் பானெட் கீலைத் தளர்த்தத்தான் கை போகும். ஆனால் அங்கே தொடங்கினால் வேலை முடியாது. பாடி சேஸ் மேல் உட்காரும் இடங்களில் ஷிம் குறைந்தாலோ, துரு ஏறிச் சேஸ் தொய்ந்தாலோ முழு பாடியும் கோணும். அதனால் முதலில் பாடியைச் சேஸ் மேல் சமமாக உட்கார வைக்கணும். அடுத்து பின்பக்கத்தை அளவாக வைத்துக் கதவின் கேப்பைச் சரிபார்க்கணும். கடைசியாகத்தான் பானெட். கீல் போல்ட்டைத் தளர்த்தி முன்பின் நகர்த்தி, ஏற்றி இறக்கி, ரப்பர் முட்டில் சரியாக அமர்கிறதா என்று பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கணும். இந்த வரிசையை விட்டுவிட்டுக் கேப்பைப் பட்டி பூசி மறைத்தால், குண்டும் குழியுமான ரோட்டில் நாலு நாள் ஓடியதும் பட்டி வெடித்துவிடும்.

ஹெரால்ட் வெற்றி பெற்றது. 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. மிகெலோத்தி அதே கம்பெனிக்கு டி.ஆர்.4, ஸ்பிட்ஃபயர், ஸ்டாக் என்று தொடர்ந்து வரைந்தார். 1962-இல் வந்த ஸ்பிட்ஃபயருக்கு ஹெரால்டின் சேஸே குறுக்கப்பட்டு அடியில் இருந்தது. முன்பாதி அதே மாதிரி சாயும். பி.எம்.டபிள்யூ 700, ஜப்பானின் ஹினோ கான்டெஸா 1300, ஹாலந்தின் டாஃப் என்று அவர் கை படாத நாடு குறைவு. 1980 ஜனவரி 23 அன்று, 58 வயதில் காலமானார்.

நம்ம கேட் லேபில் இரண்டு தகட்டை வரைந்தால் கேப் எப்போதும் சுத்தமாக இருக்கும். நிஜத்தில் அவை இரண்டு ஆலையில் பிறந்து, மூன்றாவது ஊரில் சேர்ந்து, நாலாவது ஊரில் துருப்பிடிக்கும். பெரிய பிரஸ் இல்லாத கம்பெனியின் குறையைத் தெரிந்துகொண்டுதான் மிகெலோத்தி கோடு போட்டார். அதனால்தான் அந்தக் கோடு துரினில் தொடங்கி வண்டலூர் வரை தாங்கியது. அடுத்த அசைன்மென்ட்டில் போல்ட் ஓட்டையை வட்டமாக வைப்பதா, நீளவாக்கில் வைப்பதா என்று யோசிக்கும்போது, இருபது வருஷம் கழித்து அதைத் தளர்த்தப்போகிற மெக்கானிக்கையும் ஒரு தடவை நினைச்சுப் பாருங்க.