மரபணுக்களைக் கணக்கிட்ட ஹால்டேன்

நான்காம் படிவத்தில் பயின்றபோது தாலசீமியா பரிசோதனைக்காக எங்கள் பள்ளியில் இரத்தம் எடுத்தார்கள். தோழி ஒருத்திக்கு அந்த மரபணு இருப்பதாக முடிவு வந்தது. அவளுக்கு நோய் ஒன்றுமில்லை. ஆயினும் தன் இரத்தமே பழுது என்று பல நாள் கலங்கினாள். அவளைத் தேற்ற அன்று எனக்குத் தெரியவில்லை. பின்னர் பல்கலைக்கழகத்தில் ஒருவருடைய வாழ்க்கையைப் படித்தபோதுதான் விடை கிடைத்தது.

ஜே.பி.எஸ். ஹால்டேன் 1892 நவம்பர் 5-ஆம் நாள் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன், சுரங்கங்களின் நச்சுக்காற்றை ஆராய்ந்த உடலியல் அறிஞர். சிறுவயதிலேயே தந்தையின் ஆய்வுகளுக்கு மகன் துணைநின்றார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணிதமும் கிரேக்க, இலத்தீன் கல்வியும் பயின்றார். அறிவியலில் அவர் பட்டமே பெறவில்லை என்றால் நம்ப முடிகிறதா? முதல் உலகப் போரில் மெசபொத்தேமியாவில் காயமுற்று, இந்தியாவில் உடல் தேறினார்.

போருக்குப் பின் கேம்பிரிட்ஜில் பணியாற்றியபோது, 1924 முதல் இயற்கைத் தேர்வைக் கணிதத்தால் விளக்கும் கட்டுரைகளைத் தொடர்ந்து எழுதினார். ஒரு மரபணு இரட்டித்தால், ஒரு படி பழைய வேலையைச் செய்ய, மறுபடி மாறிப் புதிய வேலையை ஏற்கலாம் என்று 1930-களின் தொடக்கத்திலேயே கருதினார். புதிய மரபணுக்கள் பிறக்கும் வழிகளுள் இதுவும் ஒன்று.

நம் இரத்தமே இதற்குச் சான்று. ஹீமோகுளோபினின் ஆல்பா மரபணு இரட்டித்ததால், பெரும்பாலோரிடம் தாய்வழி இரண்டு, தந்தைவழி இரண்டு என நான்கு உள்ளன. ஆனால் எல்லாரிடமும் அப்படியில்லை. ஒரே ஊரில் மூன்று உடையவரும் உண்டு. இரண்டு உடையவரும் உண்டு. ஐந்து உடையவரும் உண்டு!

தீங்கு தரும் மாற்றம் ஒரு சமூகத்தில் ஏன் மறையாமல் நிலைக்கிறது? மத்தியதரைக் கடல் பகுதி மக்களிடம் தாலசீமியா மரபணு மிகுந்திருந்தது. பெற்றோர் இருவரிடமிருந்தும் அதைப் பெற்ற குழந்தை கடும் நோயுறும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவரின் சிவப்பணுக்களோ மலேரியாக் கிருமியை எதிர்த்து நிற்கக்கூடும் என்று 1949-இல் வெளியான கட்டுரையில் ஹால்டேன் கூறினார். 1954-இல் ஆண்டனி அலிசன், அரிவாள் செல் மரபணுவுக்கு அத்தகைய காக்கும் ஆற்றல் உண்டு என்று கிழக்கு ஆப்பிரிக்காவில் காட்டினார். தாலசீமியாவுக்கும் பின்னாளில் சான்றுகள் கிடைத்தன.

1957-இல் ஹால்டேன் இலண்டனை விட்டுக் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். குர்தா அணிந்தார், இந்தியக் குடியுரிமையும் பெற்றார். 1964 டிசம்பர் 1-ஆம் நாள் புவனேசுவரத்தில் புற்றுநோயால் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது. மருத்துவ மாணவர்களுக்கு அதுவே அவர் நடத்திய இறுதிப் பாடம்.

நண்பர்களே, தாலசீமியா மரபணு நம் நாட்டிலும் பரவலாக உள்ளது. கடும் நோயுற்ற குழந்தைக்கு வாழ்நாள் முழுதும் இரத்தம் ஏற்ற வேண்டும். ஆகவே, திருமணத்துக்கு முன் இருவரும் பரிசோதித்துக்கொள்வது கடமை. ஆனால், முடிவைக் கண்டு வெட்கப்பட எதுவுமில்லை. மலேரியா சூழ்ந்த காலத்தில் எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றிய மரபணு அது. இன்று அந்தத் தோழியைச் சந்தித்தால் முதலில் இதைத்தான் சொல்வேன்.