விறகு பிளக்கும் ஹைட்ராலிக் மெஷின்: இதற்கு வழி போட்ட ஜோசப் பிராமா யார்?

நீங்களும் அந்த ரீல்ஸைப் பார்த்திருப்பீர்கள். தொடை தண்டிக்கு ஒரு மரக்கட்டையை இரும்பு பீம் மேல் படுக்க வைக்கிறார் ஒருவர். ஒரு லீவரைத் தள்ளுகிறார். பின்னாலிருந்து ஒரு இரும்புத் தண்டு மெதுவாக நகர்ந்து வந்து கட்டையை எதிரே இருக்கும் ஆப்பின் மேல் தள்ளுகிறது. சடசடவென்று ஒரு சத்தம். கட்டை இரண்டாகிவிடுகிறது. அவர் முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

இப்போது தூத்துக்குடி மாவட்டத்துக்கு வாருங்கள். விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டம் போடுபவர்களிடமோ, விறகுக்கடையில் கோடாரி பிடிப்பவர்களிடமோ சீமைக்கருவேலக் கட்டையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முறுக்கும் கணுவும் நிறைந்த கட்டை அது. முதல் அடியில் கோடாரி சிக்கிக்கொள்ளும். அதை உருவி, கீறலில் ஆப்பை வைத்து, சம்மட்டியால் நாலு போடு போட்டால்தான் பிளவு விடும். ஒரு நாள் முழுக்க விறகு கீறினால் மறுநாள் தோள் தூக்க முடியாது.

அதே கட்டையை லீவரைத் தொட்டாலே பிளக்கும் பலம் எங்கிருந்து வருகிறது? அதைத் தேடிப் போனால், 230 வருடங்களுக்கு முன்னால் லண்டனில் பட்டறை வைத்திருந்த ஒரு தச்சரிடம் போய் நிற்போம். பெயர் ஜோசப் பிராமா. கேட்டால் நம்ம ஊர் படைப்புக் கடவுள் ஞாபகம் வரும்! விறகு மெஷினை அவர் செய்யவில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் ஹைட்ராலிக் சிலிண்டருக்கு மூலமான பிரஸ் அவருடையது.

வயலில் நிற்க முடியாத பையன்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், பார்ன்ஸ்லி என்ற ஊருக்குப் பக்கத்தில் 1748-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் பிராமா. சாதாரணமாகப் போயிருந்தால் அவரும் ஏர் பிடித்திருப்பார். ஆனால் 16 வயதில் கணுக்காலில் பலத்த அடி. அதன்பிறகு வயலில் நின்று வேலை பார்க்க முடியாது என்றாகிவிட்டது. உடம்பு பலத்தை நம்பிப் பிழைக்கும் ஊரில், அந்தப் பலம் இல்லாத பையனை என்ன செய்வது? உள்ளூர் தச்சர் ஒருவரிடம் வேலை கற்றுக்கொள்ள அனுப்பினார்கள்.

தொழில் பழகியதும் லண்டன் போனார். மர அலமாரி, மேஜை செய்யும் வேலை. கூடவே பணக்கார வீடுகளில் அப்போது புதிதாக வந்திருந்த தண்ணீர் ஊற்றும் கழிப்பறைகளைப் பொருத்தும் வேலையும் வந்தது. குளிர்காலத்தில் அதன் வால்வு உறைந்து சிக்கிக்கொள்வதைக் கவனித்தார். சறுக்கும் வால்வுக்குப் பதிலாக கீல் வைத்த வால்வைப் போட்டார். 1778-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதுதான் அவருடைய முதல் காப்புரிமை. சாகும் முன் மொத்தம் 18 வாங்கிவிட்டார்.

67 வருடப் பூட்டு

அடுத்து பூட்டு. 1784-ல் அவர் காப்புரிமை வாங்கிய பூட்டை யாராலும் கள்ளச்சாவி போட்டுத் திறக்க முடியவில்லை. 1790 வாக்கில் லண்டன் பிக்காடிலி கடை ஜன்னலில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, இதைத் திறப்பவருக்கு 200 கினி தங்கக் காசு பரிசு என்று சவால் விட்டார்கள். அவர் இருக்கும்வரை யாரும் திறக்கவில்லை. 1851-ல் லண்டனில் நடந்த பெரும் கண்காட்சியின்போது அமெரிக்கர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் திறந்தார். அதற்கும் 16 நாட்களில் 51 மணி நேரம் பிடித்தது. காப்புரிமை வாங்கியதிலிருந்து கணக்குப் போட்டால் 67 வருடம்!

இந்தப் பூட்டுதான் நம் கதைக்கும் திருப்பம். அதன் பாகங்கள் முடி அளவுகூடப் பிசகக் கூடாது. கையால் அராவி அராவிச் செய்தால் கட்டுப்படியாகாது. கைத்திறமை உள்ள ஆள் வேண்டும். அப்படித்தான் 1789-ல், வுல்விச் ராணுவத் தளவாடக் கிடங்கில் வேலை பார்த்த 18 வயதுப் பையன் ஒருவர் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். பெயர் ஹென்றி மாட்ஸ்லே. சீக்கிரமே அவரே பட்டறையின் மேஸ்திரி ஆகிவிட்டார்.

முத்துக் குளிப்பவர்கள் அறிந்த அழுத்தம்

இங்கே ஒரு நிமிடம் நம்ம கடலுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களுக்கும், இன்றும் சங்கு குளிப்பவர்களுக்கும் ஒன்று தெரியும். கீழே போகப் போகக் காது வலிக்கும். தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் வலி குறையாது. தண்ணீர் மேலிருந்து மட்டும் அழுத்துவதில்லை, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்துகிறது. 10 மீட்டர் ஆழத்துக்கு ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 1 கிலோ கூடுதல் சுமை.

பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் இதைத்தான் இன்னும் ஒரு படி மேலே கொண்டு போனார். மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லா இடத்துக்கும் போகும் என்றார். அவர் 1662-ல் இறந்து, அடுத்த வருடம்தான் அந்த நூல் அச்சானது.

கணக்கு ரொம்ப சிம்பிள். 1 சதுர சென்டிமீட்டர் பிஸ்டனை 10 கிலோ பலத்தில் அழுத்துகிறீர்கள். அதே தண்ணீர், அடுத்த பக்கம் 100 சதுர சென்டிமீட்டர் பிஸ்டனைத் தள்ளுகிறது. அங்கே 1,000 கிலோ பலம் கிடைக்கும். ஆனால் சும்மா கிடைப்பதில்லை. பெரிய பிஸ்டன் 1 சென்டிமீட்டர் நகர, சின்ன பிஸ்டன் 100 சென்டிமீட்டர் போயாக வேண்டும். தூரத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்குகிறோம். அவ்வளவுதான்.

பாஸ்கல் சொல்லி 130 வருடங்களுக்கு மேல் இது காகிதத்திலேயே இருந்தது. 1795-ல் பிராமா இதை மெஷினாக்கிக் காப்புரிமை வாங்கினார். அதுதான் ஹைட்ராலிக் பிரஸ்.

கசிவை அடைத்தது யார்?

ஏன் அத்தனை வருடம் ஆனது? காரணம் கசிவு. பிஸ்டனைச் சுற்றி இறுக்கமாகத் திணித்து அடைத்தால் பிஸ்டன் நகராது. நகரட்டும் என்று கொஞ்சம் தளர்த்தினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், அழுத்தம் போய்விடும். பிராமாவின் பிரஸ்ஸும் முதலில் இங்கேதான் மாட்டிக்கொண்டது.

வழி கண்டுபிடித்தவர் மாட்ஸ்லே என்றுதான், பின்னாளில் அவரிடம் வேலை பார்த்த பொறியாளர் ஜேம்ஸ் நாஸ்மித் சொல்லியிருக்கிறார். அந்த வழி என்ன? கிண்ணத்தின் விளிம்பு போல மடித்த ஒரு தோல் வளையம். தண்ணீர் அந்த மடிப்புக்குள் புகுந்து, தோலின் உதட்டைப் பிஸ்டன் மேல் அழுத்தும். அழுத்தம் கூடக் கூட அடைப்பும் தானாக இறுகும். அழுத்தம் விட்டதும் தானாகத் தளரும், பிஸ்டன் திரும்பிவிடும். கசியவைத்த தண்ணீரையே கசிவை அடைக்கும் காவலாளி ஆக்கிவிட்டார்கள். இன்று தோலுக்குப் பதில் ரப்பரும் பிளாஸ்டிக்கும். மெக்கானிக் கடையில் ஆயில் சீல் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தக் குடும்பத்தின் மூத்த சொந்தம் இது.

காப்புரிமையில் இருக்கும் பெயர் பிராமா. அது பிரஸ்ஸுக்கான காப்புரிமை. ஆனால் அந்த வளையம் இல்லாமல் அந்த பிரஸ் ஒழுகும் பாத்திரம்தான்.

30 ஷில்லிங் சம்பளம்

1797-ல் மாட்ஸ்லேவுக்கு வாரச் சம்பளம் 30 ஷில்லிங். கல்யாணமாகி, பிள்ளைகளும் வந்துவிட்ட நேரம். கொஞ்சம் கூட்டித் தரும்படி கேட்டார். பிராமா மறுத்துவிட்டார். மாட்ஸ்லே வேலையை விட்டுவிட்டு, லண்டனிலேயே சின்னதாகச் சொந்தப் பட்டறை போட்டார்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்த இடத்தில் 1908 ஞாபகம் வரலாம். கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது. மாட்ஸ்லே பக்கத்தில் நிற்க அப்படி யாரும் இல்லை. அவருக்கு இருந்தது கைத்தொழில் மட்டும்தான்.

அது போதுமானதாக இருந்தது. துல்லியமாகத் திருகாணி மரை வெட்டும் கடைசல் இயந்திரத்தால் பெயர் வாங்கினார். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களுக்குத் தேவையான மரக் கப்பிகளைச் செய்ய, போர்ட்ஸ்மவுத் தளத்துக்கு 40-க்கும் மேற்பட்ட இயந்திரங்களைக் கட்டிக் கொடுத்தார். அடுத்த தலைமுறையின் பெரிய பொறியாளர்கள் பலர் அவர் பட்டறையில் பழகியவர்கள். பிராமா கைவிட்டது ஒரு மேஸ்திரியை மட்டும் அல்ல.

பிராமா கெட்டவரா? அப்படிச் சுருக்கிவிட முடியாது. மாட்ஸ்லே மாதிரி ஒரு பையனின் திறமையை 18 வயதில் அடையாளம் கண்டு மேஸ்திரி ஆக்கியவரும் அவர்தான். அவர் வேலை நிற்கவும் இல்லை. பீர் ஊற்றும் பம்ப், மரம் இழைக்கும் இயந்திரம், 1806-ல் இங்கிலாந்து வங்கியின் நோட்டுகளில் எண் அச்சிடும் இயந்திரம் என்று போய்க்கொண்டே இருந்தார்.

அந்த பிரஸ் எப்படி விறகு மெஷின் ஆனது?

பிராமா தண்ணீர் பயன்படுத்தினார். இன்றைய மெஷினில் எண்ணெய். இரும்பு துருப்பிடிக்காது, உராய்வும் குறையும். மோட்டாரோ இன்ஜினோ பம்பைச் சுற்றும். பம்ப் எண்ணெயை அழுத்தி அனுப்பும். லீவரைத் தள்ளினால் வால்வு திறந்து எண்ணெய் சிலிண்டருக்குள் போகும், தண்டு வெளியே வரும்.

* 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டர் என்றால், அதன் பரப்பு சுமார் 78 சதுர சென்டிமீட்டர்.
* எண்ணெய் அழுத்தம் 200 பார், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 204 கிலோ.
* இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 16 டன் தள்ளும் பலம்.

வீட்டு கரண்டில் ஓடும் சின்ன மெஷின்கள் இதைவிடக் குறைவுதான், பெரும்பாலும் 5 முதல் 7 டன். தண்டு மெதுவாக வருவதும் இதனால்தான். தூரத்தையும் நேரத்தையும் கொடுத்துத்தான் பலத்தை வாங்குகிறோம்.

வாங்கும் யோசனை இருந்தால் மூன்று விஷயம். ஒன்று, இரண்டு கையும் பிடித்தால்தான் ஓடும் மாதிரி இருக்கும் மெஷினைப் பாருங்கள். அப்போதுதான் இன்னொரு கை ஆப்புக்குப் பக்கத்தில் போகாது. இரண்டு, கட்டையை இழைவாக்கில் நீளமாகப் படுக்க வையுங்கள், குறுக்கே வைக்காதீர்கள். மூன்றுதான் முக்கியம்: ஹோஸில் எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித் துளை வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் விரலையே எடுக்கும் நிலை வரலாம். அப்படி ஆனால் உடனே ஆஸ்பத்திரி. கசிவைப் பார்க்க அட்டைத் துண்டு போதும்.

நம்ம ஊருக்கு வந்த பிரஸ்

19-ஆம் நூற்றாண்டுப் பருத்தி வணிகமே பிரஸ்ஸை நம்பி நடந்தது. பஞ்சு எடை குறைவு, இடம் அதிகம். இறுக்கிப் பொதியாக்கினால்தான் கப்பல் வாடகை கட்டும். கரிசல் காட்டுப் பருத்தி தூத்துக்குடி வழியாகக் கடல் தாண்டிய காலத்தில், இங்கேயும் பருத்தி பிரஸ்கள் ஓடின. இன்று வ.உ.சி. துறைமுகச் சாலையில் ஒரு பத்து நிமிடம் நின்றால் போதும். டிப்பர் லாரி பெட்டியைத் தூக்குவதும், ஃபோர்க்லிஃப்ட் சுமையை உயர்த்துவதும் அதே தத்துவம்தான்.

காட்டில் முடிந்த வாழ்க்கை

1814-ன் கடைசி மாதங்கள். பிராமாவுக்கு 66 வயது. இங்கிலாந்தின் ஹாம்ப்‌ஷயரில் உள்ள ஹோல்ட் காட்டில் பெரிய மரங்களை வேரோடு பிடுங்கும் வேலை, அவருடைய ஹைட்ராலிக் பிரஸ்ஸைக் கொண்டு நடந்தது. வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நேரில் போய் நின்று மேற்பார்வை பார்த்தார். குளிர் தாக்கி, அது நிமோனியாவானது. டிசம்பர் 9-ஆம் தேதி இறந்தார்.

காலில் அடிபட்டு, வயலில் நிற்கப் பலமில்லை என்று ஒதுக்கப்பட்ட பையன், கடைசியில் காட்டு மரங்களையே பிடுங்கும் பலத்தைச் செய்து காட்டிவிட்டுத்தான் போனார். அந்தப் பலம் கசியாமல் இருக்கக் காரணமான ஆளை மட்டும் அவரால் பிடித்து வைக்க முடியவில்லை.

அடுத்த முறை அந்த ரீல்ஸ் வந்தால், தண்டு வெளியே வரும் அந்த வாயைக் கொஞ்சம் கவனியுங்கள். சொட்டு எண்ணெய் வெளியே வராது. உள்ளே ஒரு சின்ன வளையம் இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும். வாரம் 30 ஷில்லிங் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு மேஸ்திரியின் யோசனை அது.